பழங்காநத்தத்து அசுரன்

நான் இயக்கிய புராணப் படத்தில் கதையைவிடப் பாட்டுகள் அதிகம். படமெடுத்த முதலாளியின் மகளுக்கு இன்னொரு பாட்டு வேண்டியிருந்தது. அதற்கு இடம் விட, பழங்காநத்தத்துக் கூலிக்காரர் ஒருவர் அசுரனாகச் செத்து விழும் காட்சியை வெட்டினேன். படத்தில் நடிப்பு என்றிருந்தது அது ஒன்றுதான். அவரிடம் சொல்லவில்லை.

படம் வெளியானதும் அவர், தம்மை மதிக்காத மாமியார் வீட்டாரை வண்டி நிறையக் கூட்டிவந்து, கொட்டகையில் மணல் தரையில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார். வெளியே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யா, நான் எங்கய்யா செத்தேன்?"

"கண்ண இமைச்சிட்டியா? சட்டுனு போயிரும்ப்பா" என்றேன்.

கூட வந்த அவர் மைத்துனர் சிரித்தார். "ஏ மாப்ள, செத்தது உனக்கே தெரியலையா?"

கூலிக்காரர் அடுத்த ஆட்டத்துக்கும் டிக்கெட் வாங்கினார். "இந்தவாட்டி இமைக்க மாட்டேன்யா" என்று உள்ளே போனார். தடுத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் காப்பி குடிக்கப் போனேன்.