அக்காவின் ரத்தம் உறையுமா: லாலாகுடாவிலிருந்து கச்சிபௌலிக்கு

2009 மே. அக்காவுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டியிருந்தது. முன்பு ஒரு பல் எடுத்தபோது மூன்று நாள் ரத்தம் நிற்கவில்லை. பிறவியிலேயே ரத்தம் உறைவதில் குறை. இதே காரணத்துக்காகக் கச்சிபௌலி மருத்துவமனைக்கு வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

காலை 6.30. அக்கா கணவர், மாமாவுக்கு, ரயில்வே பட்டறையில் ஷிப்ட். நான் துணை. ஆட்டோ, லாலாகுடாவில் அவர்கள் ரயில்வே குடியிருப்பிலேயே இருக்கும் அந்தோணியுடையது. இருபத்தைந்து கிலோமீட்டர், 220 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம்.

"கைக்கு பயப்படறீங்க அக்கா? ஊசிதானே" என்றார் அந்தோணி. 'கைக்கு' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் 'எதுக்கு'.

"உனக்குப் போட்டாத் தெரியும்" என்றாள் அக்கா.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி. அதிலிருந்து வரும் ஒரு ஹார்மோன் உடலில் நீரைத் தக்கவைக்கிறது. அதைப் போலச் செய்த மருந்தை ஏற்றினால், ரத்தக் குழாய்ச் சுவரில் சேமித்திருக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் கலக்கும். தட்டணுக்கள் காயத்தில் ஒட்ட அதுதான் பசை. அக்காவுக்கு அது குறைவு. மருந்து எல்லோருக்கும் கேட்காது. எனவே முதலில் சோதனை. கேட்காவிட்டால் பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த புரதத்தை ஏற்ற வேண்டும். அக்கா அதற்குத்தான் பயந்தாள்.

9 மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். அரை மணி நேரம் மருந்து ஏறியது. அவள் முகம் சிவந்தது. ஒரு மணி நேரம் கழித்தும் நான்கு மணி நேரம் கழித்தும் மறுபடி ரத்தம். மறுநாள் காலை வரை முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது, மிஞ்சினால் ரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து வலிப்பு வரலாம் என்றார் நர்ஸ்.

திரும்ப அழைக்க வந்த அந்தோணி, வழியில் பெரிய இளநீர் ஒன்றை வாங்கி நீட்டினார். "ரத்தம் குடுத்திருக்கீங்க."

வெயில். நானும் யோசிக்கவில்லை. அக்கா பாதி குடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, தண்ணி கூடாதுன்னாங்களே."

"தண்ணிதான வேண்டாம்னாங்க. இது இளநீ."

விஷயம் புரிந்ததும் அந்தோணி, "நக்கோ அக்கா, நக்கோ, வேண்டாம்" என்று பிடுங்கிக்கொண்டார். அவர் முகம்தான் அதிகம் வெளிறியிருந்தது. நர்ஸுக்குப் போன் செய்தேன். அதையும் கணக்கில் சேருங்கள், மீதியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டில் ரசத்தையும் மோரையும் அக்கா பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். ஒன்றும் ஆகவில்லை.

போகிறவர்கள் கவனிக்க: இளநீர், காப்பி, மோர் எல்லாமே தண்ணீர்தான். உடன் வருபவரிடம், ஆட்டோக்காரரிடமும், முன்பே சொல்லிவிடுங்கள். அன்பை மறுப்பது கடினம்.

நான்காம் நாள் முடிவு. அந்தப் புரதத்தின் அளவு மூன்று மடங்கு ஏறியிருந்தது. அடுத்த வாரம் அதே மருந்தை ஏற்றிப் பல்லை எடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அக்கா பஞ்சை எடுத்துப் பார்த்தாள். புது ரத்தம் இல்லை. நம்பாமல், புதுப் பஞ்சு ஒன்றை வைத்து, மறுபடி எடுத்துப் பார்த்தாள்.