சோலார் தகட்டில் மூன்று பட்டை விபூதி

எங்கள் துரை ஒரு வேன் வாங்கினார். துரை என்றதும் தொப்பி போட்ட வெள்ளைக்காரனை நினைத்துக்கொள்ள வேண்டாம். எண்பதுகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவர்களெல்லாம் மூட்டை கட்டிப் போயாயிற்று. இவர் கோலாலம்பூரிலிருந்து மேனேஜராக வந்த நம்ம ஆள்தான். வீட்டில் ரசம் சாப்பிட்டுவிட்டு, வெளியே வந்து ஏப்பத்தை மட்டும் இங்கிலீஷில் விடுகிற ரகம்.

ஊர் திரும்பிய யாரோ ஒரு வெள்ளைக்காரத் தம்பதி விற்றுவிட்டுப் போன வேன் அது. உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி, சின்ன ஐஸ்பெட்டி எல்லாம் உண்டு. வண்டியை ஓட்ட ஒரு பேட்டரி. விளக்கு, ஐஸ்பெட்டி வகையறாவுக்குக் கட்டிலுக்கடியில் தனியாக இரண்டு. அவற்றுக்கு வீட்டு பேட்டரி என்று பெயராம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் எங்கள் வீட்டு பல்பு, எஸ்டேட் ஜெனரேட்டரை நிறுத்தியதும் கண்ணை மூடிவிடும். சக்கரம் வைத்த வீட்டுக்கு மட்டும் விடிய விடிய கரண்ட் வேண்டுமாம்.

அதற்காகத் துரை இரண்டு சோலார் தகடுகளை வரவழைத்திருந்தார். சூட்கேஸ் மாதிரி மடக்கித் தூக்கிக்கொண்டு போகலாம். விரித்து வெயிலில் சாய்த்தால் கரண்ட் வரும், வீட்டு பேட்டரியில் ஏறும். கேமரன் மலையில் இருந்துகொண்டு வெயிலை நம்பிப் பொருள் வாங்குகிற மூளை துரைமார்களுக்கு மட்டுமே வாய்க்கும். இங்கே வெயில் என்பது லீவு கேட்காமலே லீவில் இருக்கிற ஆள். எப்போதாவது வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மூடுபனிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

பட்டறைக்கு வேனை ஓட்டிவந்து, "இதெல்லாம் உனக்குத் தெரியும்தானே?" என்று கேட்டார்.

"தெரியும் துரை" என்றேன். நான் அந்தத் தகட்டைப் பார்ப்பதே அப்போதுதான். ஆனால் துரை கேட்டால் என் வாய் மூளையிடம் அனுமதி வாங்குவதில்லை. பட்டறையில் என் வேலை லோரி பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுவதும் பேக்டரி பல்புகளை மாற்றுவதும்தான். அதற்கு முன்னால் மலைச்சரிவில் உரமூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். பட்டறைக்குக் கூரை உண்டு, உட்கார ஸ்டூல் உண்டு, மழையில் நனைய வேண்டியதில்லை. அங்கே வந்து சேர நான் போட்ட கும்பிடுகளை அடுக்கி வைத்தால் பிரிஞ்சாங் டவுன் வரைக்கும் போகும்.

"நாளைக்குக் காலையில பீச்சுக்குப் போறோம். இன்னைக்குச் சாயங்காலம் நான் வர்றப்ப சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கணும். ரோசாக் பண்ணிக் கெடுத்து வெச்சே, மறுபடியும் உரமூட்டைதான். அண்டர்ஸ்டாண்ட்?"

அண்டர்ஸ்டாண்ட் ஆகிவிட்டது. மூட்டை இன்னும் ஏறவில்லை, தோள் அப்போதே வலிக்கத் தொடங்கியது.

தகட்டோடு வந்த விளக்கத் தாளைப் படிக்க ஆபீசில் கணக்கெழுதும் கிராணியை அனுப்பினார். கிராணி இங்கிலீஷை நன்றாகப் படிப்பார். அது புரிந்ததாக அவர்மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமி, சட்டசபையில் நிற்கிறவர் மாதிரி வாசித்தார். நடுநடுவே தமிழில் எறிந்ததை நான் பொறுக்கிக்கொண்டேன். இரண்டு பேட்டரியையும் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்க்க வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் வைக்க வேண்டும். பேட்டரி வயரை முதலில் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மாட்டிவிட்டு அப்புறம்தான் தகட்டு வயரை மாட்ட வேண்டும். தகடு வெயிலைப் பார்த்த நொடியே கரண்ட் விடும், ஆகவே மாட்டி முடிக்கிறவரை கனமான துணியால் மூடி வைக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தை நீங்களும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக் கம்பளியைக் கொண்டுவந்து தகடுகளைப் போர்த்தினேன். சிவப்பு வயர், கறுப்பு வயர், பியூஸ், பெட்டி எல்லாவற்றையும் சொன்ன வரிசையிலேயே மாட்டினேன். திருகாணியை முறுக்கும்போது கை நடுங்கியதில் ஸ்க்ரூடிரைவர் தந்தி அடித்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த லோரி டிரைவர், என்னைவிட இளையவன், வாய் மட்டும் மூத்தது, "அண்ணே, பேட்டரிக்கு ஏத்துறதுக்கு முன்னாடி உங்களுக்கே கரண்ட் ஏறிருச்சு போல" என்றான்.

வேலை முடிந்தது. கம்பளியை உருவினேன். அன்றைக்கென்று வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்த மீட்டரைப் பார்த்திருக்கலாம். ஆனால் எங்கள் பட்டறையில் புது மெஷின் என்றால் முதலில் பூஜை. புது ஸ்பேனர் வந்தால்கூடப் பொட்டு வைக்காமல் தொடமாட்டோம். அதிலும் நான் இருந்த பயத்துக்குச் சின்னப் பூஜை போதாது. விபூதியைத் தண்ணீரில் குழைத்து, ஒவ்வொரு தகட்டிலும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை உள்ளங்கை அகலத்தில் மூன்று பட்டை இழுத்தேன். நடுவில் ஊத்தப்பம் அளவுக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். சக்கரத்துக்கு எலுமிச்சை. கற்பூரம் காட்டி, முனீஸ்வரரிடம் உரமூட்டையைப் பற்றித் தனியாகவும் பேசிவிட்டுத்தான் மீட்டர் பக்கம் வந்தேன்.

முள் பூஜ்யத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, முள்ளு செத்துப்போச்சு" என்றான் டிரைவர்.

"வாய மூடுடா. தூங்குது."

"பேப்பர்ல எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு" என்றார் கிராணி. "அப்போ தப்பு ஒங்கிட்டதான் லா."

பியூஸைக் கழற்றி ஊதினேன். ஊதினால் பியூஸுக்கு என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். பேட்டரி முனைகளை அரத்தால் தேய்த்தேன். வேனைச் சுற்றி ஓடினேன். எதற்கு என்று தெரியாது, நின்றால் பயம் பிடித்துக்கொள்ளும் போலிருந்தது. பெட்டியை முகர்ந்து பார்த்தேன். கருகல் வாடை வந்தது. தகடு வெந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அது கற்பூர வாடை என்பதை அறிய ஒரு மூக்கு போதும். எனக்கு அந்த நேரத்தில் அதுவும் வேலை செய்யவில்லை.

"கண்ணு பட்டிருக்கும்ணே" என்றான் டிரைவர். "பொட்டு பத்தல. நல்லாப் போட்டு விடுங்க."

அவன் சொன்னதை ஒரு மனிதன் கேட்பானா? நான் கேட்டேன். முதல் பட்டைக்கு மேலேயே இன்னொரு பூச்சு. ஊத்தப்பம் பெரியதாகித் தட்டு அளவுக்கு வந்தது. கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றி வந்தபோது கிடைத்த செவ்வந்திப் பூவை டிரைவர் லோரியில் வைத்திருந்தான். அதைச் சரமாகக் கட்டி இரண்டு தகட்டுக்கும் மாலை போட்டோம். இப்போது தகடுகள் திருவிழாவுக்குப் புறப்பட்ட சாமி மாதிரி ஜொலித்தன. அதுவரை பூஜ்யத்தின் மேலேயே லேசாகத் துடித்துக்கொண்டிருந்த முள், அதையும் நிறுத்திக்கொண்டது.

கிராணி தாளை மடித்துப் பையில் வைத்தார். "துரைகிட்ட நான் படிச்சுக் குடுத்தேன்னு மட்டும் சொல்லிரு" என்றார். கப்பல் முழுகுவதற்கு முன்னால் கரையில் ஈரம் படாமல் நிற்கிற சாமர்த்தியம் அவருக்கு.

அப்போது பொசுபொசுவென்று மழை தூறியது. மூவரும் கூரைக்கடியில் ஒதுங்கினோம். நான் மனசுக்குள் உரமூட்டைக்குத் தோதான பழைய சாக்கைத் தேடத் தொடங்கிவிட்டேன். காற்றில் மாலை அறுந்து சாக்கடையில் விழுந்தது. சந்தனமும் விபூதியும் கரைந்து மஞ்சளாய் வழிந்தன. தூறல் நின்று, வெயில் மறுபடியும் வந்தது.

"அண்ணே! முள்ளு! முள்ளு எந்திரிச்சிருச்சு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். முள் பாதிக்கு மேலே நின்றது. முனீஸ்வரா என்று கத்தினேன். நன்றி சொல்ல வேண்டாமா? சந்தனக் கிண்ணத்தில் கை விட்டு, தகட்டின் நடுவில் அப்பி, வட்டமாகத் தேய்த்தேன். ஒரு கண் மீட்டர்மேல் இருந்தது. என் கை வட்டம் போடப்போட முள் இறங்கியது. கையை எடுத்தேன். ஏறவில்லை. சட்டை முனையால் துடைத்தேன். ஏறியது. இன்னொரு முறை அப்பினேன். இறங்கியது.

கம்பளி போட்டால் கரண்ட் நிற்கும் என்று தெரிந்துதான் போர்த்தினேன். அதே கையால் அதே தகட்டில் அரை கிலோ விபூதியைப் பூசிவிட்டு, ஏன் கரண்ட் வரவில்லை என்று பியூஸை ஊதிக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு மண்டையைத் தலையென்று சொல்லி அதற்கு எண்ணெய் வேறு தடவி வளர்த்திருக்கிறேன். டிரைவர் என்னையும் மீட்டரையும் மாறிமாறிப் பார்த்தான். "வெளிய சொன்னே, கொன்னுருவேன்" என்றேன். அதற்குள் அவன் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

இரண்டு தகட்டையும் பளபளவென்று துடைத்து முடிக்கவும் துரையின் காடி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மீட்டரைப் பார்த்தார். தலையை ஆட்டினார். என் தோள்வலி குறைந்தது. உடனே முகம் சுளித்தார்.

"என்னய்யா, பூஜை போடலையா? ஒரு பொட்டுகூடக் காணோம்? வைப், பிள்ளைங்கல்லாம் போற வண்டி."

இங்கிலீஷ் ஏப்பம் விடுகிறவர் சந்தனக் கிண்ணத்தில் நாலு விரலையும் விட்டார். நேராகத் தகட்டுக்குப் போனார். முள் அவர் கண்ணெதிரே படுத்தால், கெட்டுப்போனது என் வேலை என்றுதான் சொல்வார். மூட்டை மறுபடியும் தோளில் வந்து உட்கார்ந்தது. நான் பாய்ந்து துரையின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

தோட்டத்தில் துரையின் நிழலை மிதித்தாலே மன்னிப்புக் கேட்கிற ஆட்கள் நாங்கள்.

"முன்னாடி கூடாது துரை" என்றேன். "இந்த மெஷினுக்குப் பின்பக்கம்தான் பொட்டு. டெக்னிக்கல்."

துரை கிராணியைப் பார்த்தார். தாளில் இல்லாததைத் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத கிராணி, "யெஸ் சார், டெக்னிக்கல்" என்றார்.

துரை குனிந்து, தகட்டின் முதுகில் பயபக்தியோடு பொட்டு வைத்தார். மறுநாள் குடும்பத்தோடு பீச்சுக்குப் போனார். ஐஸ்பெட்டி நன்றாக வேலை செய்ததாகக் கேள்வி. நான் ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் எந்த மெஷின் வந்தாலும் பின்பக்கம்தான் பொட்டு. ஜெனரேட்டருக்கும் அப்படித்தான், தண்ணீர் பம்புக்கும் அப்படித்தான். லயத்தில் ஒருவர் புது டிவி வாங்கி, அதைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு, பொட்டு வைப்பதற்காக மறுபடியும் நகர்த்தினார். ஏன் என்று கேட்டேன்.

"டெக்னிக்கல்ணே" என்றார். "ஒங்களுக்குத் தெரியாதா?"