பியூட்டேனுக்கு மணமில்லை

1. பலகையில் எழுதியது

காஸ் ஏஜென்சியில் மெக்கானிக்காகச் சேர்ந்தபோது, பயிற்சியின் முதல் நாள் பலகையில் C₄H₁₀ என்று எழுதினார்கள். நான்கு கார்பன் அணு, பத்து ஹைட்ரஜன் அணு: பியூட்டேன். சமையல் சிலிண்டரில் அதனுடன் புரொப்பேனும் இருக்கும்; அது C₃H₈. இரண்டுக்கும் நிறமில்லை, மணமில்லை. காற்றைவிடக் கனமானவை, கசிந்தால் தரையோடு படியும். கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டான் என்ற நாற்றப் பொருளைத் துளி கலக்கிறார்கள். வீட்டில் நாம் முகர்வது அதைத்தான்.

இருபத்தாறு ஆண்டுகள் அதை முகர்ந்துதான் பிழைத்தேன். பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, மோப்பம் திரும்பவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும். காலையில் பெரிய மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை முன் நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பேன். "என்னா வேணும்?" என்பார் கடைக்கார அம்மாள். ஒன்றும் வேண்டாம் என்று நகர்வேன். வீட்டில் சாம்பார் தீய்ந்தால் மனைவி, "இங்கதான ஒக்காந்திருக்கீங்க?" என்பாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன் என்பேன். எட்டு மாதம் இப்படி ஓடியது. புகார் வந்த வீடுகளில் சோப்பு நுரையை மட்டும் நம்பினேன்; கசியும் இடத்தில் தடவினால் குமிழி வரும்.

2. கதிர்காமத்து வீடு

காஸ் நாற்றம் அடிக்கிறதென்று சுமதி என்ற பெண் புகார் கொடுத்திருந்தார். சிலிண்டர் பின்கட்டில் இருந்தது. ரப்பர் டியூப் சுவர்த் துளை வழியாக அடுப்புக்கு வந்தது. ரெகுலேட்டரில் நுரை தடவினேன். அடுப்பு வால்விலும், கண்ணில் பட்ட டியூப் முழுக்கவும் தடவினேன். குமிழி இல்லை.

"ஒண்ணும் இல்லம்மா. கொளுத்திக் காட்டிட்டுப் போறேன்" என்று லைட்டரை எடுத்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இம்மாம் நாத்தத்துலயாண்ணே கொளுத்துவீங்க? மூக்கு கீக்கு அடச்சிருக்கா?"

லைட்டரைப் பையில் போட்டேன். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்தேன்.

"எனக்கு வாசனையே தெரியாதும்மா. எங்க அதிகமா அடிக்குதுன்னு நீங்கதான் சொல்லணும்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தரையில் மண்டியிட்டு முகர்ந்துகொண்டே போய்ச் சுவர்த் துளையைக் காட்டினார். டியூபை உருவினேன். சுவருக்குள் மறைந்திருந்த பகுதியை எலி கடித்திருந்தது.

"எவ்ளோ நாளாண்ணே இப்டி?"

"எட்டு மாசம்."

"ஒங்க வீட்ல தெரியுமா?"

தெரியாது என்றேன். அவரிடம்தான் முதலில் சொன்னேன். அதற்குமுன் அவரைப் பார்த்தது கூட இல்லை.

3. மறுபடி போனது

சாயங்காலம் மேனேஜரிடம் சொன்னேன். திட்டவில்லை. "எட்டு மாசத்துல எத்தன வீடு பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். புகார்ப் பதிவேட்டை எடுத்து அந்த வீடுகளைக் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் அந்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி போனேன். "நாங்க கூப்புடலயே" என்றார்கள். ஒவ்வொரு வாசலிலும் விஷயத்தைச் சொல்லி, முகர்ந்து பார்க்கச் சொன்னேன். ஒரு பெரியவர், "மூக்கில்லாத ஆள அனுப்பி எங்களக் கொல்லப் பாத்தீங்களா?" என்று கேட்டு, என்னை உள்ளே விடவில்லை. அவர் கேட்டது நியாயம். அவர் மனைவி அடுப்படி முழுக்க முகர்ந்து முடிக்கும்வரை தெருவில் வெயிலில் நின்றேன்.

எல்லா வீடும் முடிந்ததும் என்னைப் போன் எடுக்கும் மேசையில் உட்கார வைத்தார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. நுரை, நாம் தடவிய இடத்தை மட்டுமே காட்டும். எங்கே தடவ வேண்டும் என்பதை மூக்குதான் சொல்லும். அது உங்களிடம் இல்லையென்றால், வீட்டுக்குள் கால் வைக்கும் முன் சொல்லிவிடுங்கள்.