வளைவா, கட்டிலா?

இன்று காலை எங்கள் ஊர் ஜெலுத்தோங் சந்தையில், முருகையா ரொட்டிக் கடையில், நானே பத்திரிகையை வாய்விட்டுப் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான். கடையே காத்திருந்தது!

அமெரிக்காவில் தேர்தல் வருகிறதாம். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்குச் செலவைக் குறைக்க வேண்டும் என்கிறார்களாம் பழமைவாதக் கட்சிக்காரர்கள்.

"சரியாத்தான் சொல்றாங்க தாத்தா," என்றாள் முருகையாவின் மகள். அடுத்த மாதம் இங்கே அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சேரப் போகிறவள். "நான் போற இடத்துல வாசல்ல பெரிய வளைவு கட்டுறாங்க. ஆனா ஹாஸ்டல்ல கட்டில் பத்தலையாம்."

முருகையா ரொட்டி வீசுவதை நிறுத்தினார். "சும்மா இரு லா! இங்கயும் குறைச்சா உன் சீட்டுதான் போகும்!"

"வளைவக் குறைக்கட்டும்ப்பா."

இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகவே பட்டது. செய்தியை மறுபடி படித்தேன். எதைக் குறைப்பார்கள் என்று அதில் இல்லை. கல்லில் கிடந்த என் ரொட்டி கருகியதுதான் மிச்சம்.

எனக்குத் தமிழ் படிக்கவே இப்போதுதான் வந்திருக்கிறது. இங்கிலீஷ் பத்திரிகை படிக்கிறவர்கள் சொல்லுங்கள்: வளைவா, கட்டிலா?