மரத்தில் கட்டாத துணிகள்

மாயவனைப் பாம்பு கடித்தது தக்காளித் தோட்டத்தில், விடியற்காலை தண்ணீர் திருப்பும்போது. அவரைப் பின்னால் உட்காரவைத்து, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மொபெட்டை ஓட்டியது அவர் மனைவி அமுதவல்லி. தார்ரோட்டில் இடப்பக்கம் திரும்பினால் ஆஸ்பத்திரி, வலப்பக்கம் திரும்பினால் புளியமரம். அவர் வலப்பக்கம் திரும்பினார்.

அந்த மரத்தடியில் ஒருவர் பாம்புக்கடிக்குப் பச்சிலை கொடுக்கிறார். காசு வாங்குவதில்லை. பிழைத்தவர்கள், கடிபட்ட அன்று உடுத்தியிருந்த துணியில் ஒரு துண்டைக் கிழித்து மரத்தில் கட்டுவது வழக்கம். தாழ்ந்த கிளைகளில் இலையைவிடத் துணிதான் அதிகம்.

மாயவன் மதியத்துக்குள் இறந்துபோனார்.

நான் ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுப் அவர்கள் பக்கத்து வீடான என் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. அமுதவல்லி அக்கா என்னிடம் முதலில் கேட்டதே இதுதான்.

"நானே அவரைக் கொன்னுட்டனா பாப்பா?"

ஊரில் எல்லோரிடமும் கேட்டிருக்கிறார். விதி என்றார்கள். அவருக்கு அது போதவில்லை.

"காசு வாங்காதவரு எதுக்குப் பொய் சொல்லப்போறாருன்னு நெனச்சேன். அத்தனை துணியக் கண்ணால பாத்தேன். ஆனா இவரு சட்டை என் வூட்டுலதான கெடக்குது? இவர மாதிரி எத்தன பேரு துணி அங்க இல்லையோ!"

மரம் நிஜமாகவே காப்பாற்றுகிறது என்றால் அக்காமேல் பழியில்லை. அது நிஜம்தானா என்று தெரிந்துகொள்ள, மரத்துக்குப் போயும் பிழைக்காதவர்களைத் தேடினார். எனக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மொபெட்டில் பின்னால் ஏறிக்கொண்டேன். மூன்று மாதத்தில் ஏழு வீடுகள் கிடைத்தன. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கித்தான் திரும்பினார்.

துணி கட்டியவர்களையும் விடவில்லை. தர்மன் என்பவர் வாசலில் மாட்டுக்குத் தீவனம் கலந்துகொண்டிருந்தார்.

"என்ன பாம்புங்கண்ணா கடிச்சுது?"

"பாம்ப யாரு பாத்தா? வரப்புல சுருக்குன்னுச்சு."

"முள்ளா இருந்தா?"

"முள்ளு குத்துனதுக்கு எவனாச்சும் போயி மரத்துல துணி கட்டுவானா? நல்லா கேக்குறம்மா!"

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "அவரு கட்டுனதாலயே அது பாம்பாயிடுச்சு பாரு," என்றார் வழியில்.

இதையெல்லாம் ஊரில் சொன்னபோது விஷயத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவைப் பற்றித்தான் பேசினார்கள். "புருசன வாரிக் குடுத்துட்டு இவ நமக்குப் புத்தி சொல்ல வந்துட்டா," என்று தண்ணீர்க் குழாயடியில் காது படவே சொன்னார்கள். அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இளம்பெண். பொறுமையாகக் கேட்டார்.

"சீக்கிரம் வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க பொழைச்சிடுறாங்கம்மா. எல்லாரும் இல்ல. உங்க வீட்டுக்காரர் பொழைச்சிருப்பாரான்னு என்னால சொல்ல முடியாது. நான் அவரப் பாக்கவே இல்லையே."

திரும்பி வரும்போது அக்கா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கைப்பிடியை விடாமலே சொன்னார்.

"இனி யாரு கேட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லிருவேன். அதுல சந்தேகமில்ல. ஆனா நான் கேட்டது அது இல்லையே பாப்பா. இவரு ஒருத்தரத்தான கேட்டேன்."

பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு. "எங்க போயிருந்தாலும் அவரு பொழைச்சிருக்க மாட்டாருக்கா," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டாரா என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். அவருக்கும் அந்த ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.