பிரியாணி பாயின் கழுத்துக் கருவி

பிரியாணி தேக்சாவின் மூடிமேல் தணலை வாரிக் கொட்டியாகிவிட்டது. இனி யார் வந்து கெஞ்சினாலும் நேரம் ஆகாமல் தம் உடைக்கமாட்டார். செங்கல்பட்டு நூர்முகமது பாய் கையைக் கழுவி, கழுத்தின் இடப்பக்கம் கொஞ்சம் களிம்பு தடவி, உள்ளங்கையளவு வெள்ளைக் கருவி ஒன்றை அதன்மேல் அழுத்திப் பிடிக்கிறார். தோலுக்குள் சுருக் சுருக்கென்கிறது. "இன்னா பாய், பந்தல்லயே ஷேவிங்கா?" என்று கேட்கிற கல்யாண வீட்டுக்காரர்களுக்கு எப்போதும் ஒரே பதில்தான்: "ஷேவிங் இல்ல மச்சான், ஆராய்ச்சி!" ஏதோ தாமே பெரிய டாக்டர் என்கிற தோரணை.

பாய்க்கு இருப்பது கொத்துத் தலைவலி. வருஷத்தில் பல மாதம் எட்டிக்கூடப் பார்க்காது. பருவம் வந்துவிட்டால் தினமும், சொல்லிவைத்த மாதிரி அதே வேளைக்கு வந்து, இடது கண்ணுக்குப் பின்னால் கடப்பாறையை இறக்கும். கண் சிவந்து ஒழுகும்; உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. பாய் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறார். "நம்ம வூட்டு மாப்பிள்ளை வந்துகினு கீறாரு, வழி வுடு" என்பார். சிரிக்க வைக்கத்தான் சொல்கிறார். அவர் மனைவி ஷஹர்பானு ஒருநாளும் அதற்குச் சிரித்ததில்லை.

போன பருவத்தில் அணுபுரத்துக் கல்யாணம் ஒன்றில் வலி வந்து, பாய் பந்தலுக்குப் பின்னால் தலையைப் பிடித்துக்கொண்டு நடையாய் நடக்க, தேக்சா அடிப்பிடித்துவிட்டது. ஊர் நாக்கை நம்பிப் பிழைக்கிற தொழில். இன்னொன்று தீய்ந்தால் அடுப்பையே மூட்டைகட்ட வேண்டியதுதான். அதனால், நரம்பைத் தூண்டி இந்த வலியைத் தணிக்க முடியுமா என்று சென்னையில் ஒரு மருத்துவமனையில் ஆராய்கிறார்கள் எனக் கேள்விப்பட்டதும், முதல் ஆளாய்ப் போய்க் கழுத்தை நீட்டினார். அங்கே ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்கு நிஜக் கருவி, சிலருக்கு வெறும் பொம்மை. யாருக்கு எது என்று கொண்டுவந்து கொடுக்கிற நர்ஸ் பிரிசில்லாவுக்கே தெரியாது. "நம்முது ஒரிஜினல்தான்" என்பதில் பாய்க்கு மட்டும் சந்தேகமே கிடையாது.

வலி பத்துக்கு எத்தனை என்று பிரிசில்லா போனில் கேட்பாள். "ரெண்டு மா, சூப்பரா கீது" என்பார் பாய். விருந்துக்குப் போன வீட்டில் கறி வேகவில்லை என்று எந்த மனிதன் சொல்வான்? சும்மா கொடுத்தவர்கள் மனம் நோகக்கூடாது என்கிற மரியாதை பாதி. சரிப்படவில்லை என்றால் கருவியைப் பிடுங்கிக்கொள்வார்களே என்கிற பயம் பாதி. ஒருநாள் போனை எடுத்த ஷஹர்பானு போட்டு உடைத்துவிட்டாள்: "இன்னா ரெண்டு? நேத்துகூட செவுத்துல மண்டைய இடிச்சிகினு கெடந்தாரு!"

பிரிசில்லா நேரிலேயே வந்துவிட்டாள். "பாய், நீங்க ரெண்டுன்னா நானும் ரெண்டுன்னுதான் எழுதுவேன். நாளைக்கு உங்கள மாதிரியே துடிக்கிற ஒருத்தருக்கு, ஒண்ணுக்கும் ஒதவாதத 'இது கேக்கும்'னு குடுத்துடுவாங்க. அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?" அதற்காகக் கருவியை யாரும் திரும்ப வாங்கமாட்டார்கள் என்றும் சொன்னாள். பாய் தலையாட்டினார். முதலில் சொன்னது மனதில் தைத்தது. பின்னால் சொன்னதை அவர் நம்பவில்லை.

சில நாள் கழித்து, வீட்டில் தேக்சா தேய்த்துக்கொண்டிருந்தபோது வலி வந்தது. மறுநாள் சதுரங்கப்பட்டினத்தில் பெரிய கல்யாணம். கருவியை அழுத்தினார், நடந்தார், மறுபடி அழுத்தினார். ஆடுகிற ஆட்டமெல்லாம் ஆடிவிட்டுத்தான் வலி அடங்கியது. அன்று சாயங்காலமே பிரிசில்லா அழைத்து, "எத்தன பாய்?" என்றாள். பாய் மனைவியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒம்போது மா. கொஞ்சங்கூட கொறையல. அப்டியே எழுது." பிரியாணிக்குப் பதம் சொல்கிற அதே கெத்துதான் குரலில்.

போனை வைத்தபின், கருவியில் ஒட்டியிருந்த களிம்பைச் சுத்தமான துணியால் துடைத்தார். சார்ஜர் ஒயரைச் சுருட்டினார். இரண்டையும் அவை வந்த பெட்டியிலேயே அடுக்கி மூடி, மருத்துவமனையிலிருந்து வருகிறவர்கள் கேட்காமலே எடுத்துப்போகத் தோதாக, வாசற்படி ஓரம் கொண்டுபோய் வைத்தார்.