இடம் அடுத்த பக்கத்தில்

யாக்கூப்பைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்லித் தொலைக்க வேண்டும். பெயர் தமிழ்த் தொழில்நுட்பர் சங்கம். டன்லப் ஸ்திரீட்டில் ஒரு மிளகாய் மில்லுக்கு மேல்மாடியில் ஒரே அறை. டிராஃப்ட்ஸ்மேன், சர்வேயர், ஃபோர்மேன், கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்று கையில் ஒரு டிப்ளமா வைத்திருந்த தமிழர்கள் பலர் அதில் உறுப்பினர்கள். நானும்தான். கீழே மிளகாய் அரைக்கிற நேரத்தில் மேலே கூட்டம் நடந்தால், தலைவர் பேசும்போது எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வோம். தான் உருக்கமாகப் பேசியதாக அவர் நினைத்துக்கொள்வார். அவரிடம் உண்மையைச் சொல்ல யாருக்கும் மனசு வந்ததில்லை.

யாக்கூப் ஒரு கப்பல் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம். அண்ணன்மார் இரண்டு பேரும் சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்து நன்றாக இருந்தார்கள். இவரையும் கடையில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். வாடிக்கையாளர் கேட்ட விலைக்கெல்லாம் தலையாட்டினார். எதிர்த்து ஒரு வார்த்தை பேச வராது. போதுமப்பா என்று படிக்க அனுப்பிவிட்டார்கள். குவீன்ஸ்டவுனில் மூவறை வீட்டில் மனைவி ரபியாவோடு இருந்தார்.

எண்பத்தாறில் அவருடைய கம்பெனி ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடப் போனது. யாக்கூப் அதைக் கேட்டு வாங்கி, அதோடு ஒரு மோடமும் வாங்கி, டாக்சியில் ஏற்றிக்கொண்டு வந்து சங்க அறையில் இறக்கினார். அதைப் போன் லைனில் மாட்டிவிட்டால், வேறு ஆபீசில் இருக்கிறவர்கள் அவர்களுடைய கம்ப்யூட்டரிலிருந்து எங்கள் நம்பருக்குப் போட்டு, இங்கே எழுதி வைத்ததை அங்கே படிக்கலாம். எழுத்தெல்லாம் இங்கிலீஷ்தான். தமிழ் அந்தப் பெட்டிக்குள் அப்போது ஏறாது. அதுவரை சங்கத்து நிகழ்ச்சிகளுக்குத் தபால் கார்டு போடுவோம். பாதிப் பேருக்குக் கூட்டம் முடிந்த மறுநாள் அழைப்பு கிடைக்கும். இனிமேல் கார்டு கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று செயற்குழு தீர்மானம் போட்டது. தீர்மானம் போடுவதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது.

யாக்கூப் அந்த நிகழ்ச்சி அட்டவணையை அமைத்த விதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு மாதம் அதே வேலையாகத் திரிந்தார். பார்க்கிறவரையெல்லாம், “ஒரு நிகழ்ச்சின்னா முதல்ல எதைத் தேடுவீங்க?” என்று கேட்டார். திரையில் இருபத்து நாலு வரிதான் கொள்ளும். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே வரி என்று வைத்தார். நாள், நேரம், இடம், விஷயம். கடைசியில் ஒரு போன் நம்பர். திரையைத் திறந்ததும் அந்த மாதம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் நிற்கும். எந்தப் பட்டனும் தட்ட வேண்டாம்.

வீட்டில் ஒரு காகிதத்தில் அதை எழுதி ரபியாவிடம் நீட்டியிருக்கிறார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு ஒரு பார்வை பார்த்தாள்.

“பதினாலாம் தேதி காத்தோங்ல எலக்ட்ரிகல் பேச்சு. இதுல என்ன இருக்குங்க, சட்டுனு தெரியுது.”

அதை எங்களிடம் சொல்லும்போது யாக்கூப்பின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரை வேறெப்போதும் பார்த்ததில்லை. முதல் இரண்டு மாதம் கூட்டங்களுக்கு ஆள் வந்தார்கள், அதுவும் சரியான இடத்துக்கு. நாற்காலி பற்றாமல் மில்லிலிருந்து சாக்கு வாங்கி விரித்தோம்.

பிறகுதான் தலைவர் அந்தத் திரையை உட்கார்ந்து படித்தார்.

தலைவர் செல்லக்கண்ணு நல்ல மனுஷர். பெரிய இன்ஜினியர், அரசாங்கம் கொடுத்த பி.பி.எம். பதக்கக்காரர். அது மந்தமான காலம். கப்பல் பட்டறைகளில் கூட்டம் கூட்டமாக ஆட்குறைப்பு. வேலை போன உறுப்பினர்களுக்காகக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியவர் அவர். அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அவரும் நம்ம ஆள்தானே.

“எல்லாம் சரி யாக்கூப். யார் தலைமைன்னு போடலையே?”

“இடம் பத்தாது சார். ஒரு வரிதான்...”

“ரெண்டு வரி ஆக்குங்க. தலைமை இல்லாம ஒரு நிகழ்ச்சியா?”

யாக்கூப் தலையாட்டினார். தலைமை வந்தது. தலைமை வந்தால் முன்னிலை வர வேண்டும். பிறகு வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் திரு, பின்னால் படிப்பு, பதக்கம், பதவி. ஒரு தடவை துணைத் தலைவர் அஹமது கபீரின் பெயரை யாக்கூப் விட்டுவிட்டார். கபீர் அன்று வரவில்லை. வாடகைக்கு எடுத்த மண்டபத்தின் சாவி அவரிடம் இருந்தது. பேச வந்த விருந்தாளி படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு யாக்கூப் ஒரு பெயரையும் விட்டதில்லை.

பெயர்கள் வர வர, இடம் என்ற வரி கீழே கீழே இறங்கி, கடைசியில் திரையை விட்டே போயிற்று. ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு திரை முழுக்க ஆள் பெயர். அடியில், “இடம் அடுத்த பக்கத்தில், எண்டரைத் தட்டவும்” என்று யாக்கூப் ஒரு வரி சேர்த்தார். தன்னால் முடிந்தது அவ்வளவுதான் என்றார். தட்டுகிறவர்கள் தட்டினார்கள். மற்றவர்கள் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினார்கள்.

இந்த நேரத்தில்தான் எட்மண்டின் விஷயம் நடந்தது.

எட்மண்ட் எங்கள் உறுப்பினர், செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் டிராஃப்ட்ஸ்மேன். குழாய்ப் பாதை வரைவதில் கை தேர்ந்தவர். ஆட்குறைப்பில் முதல் வரிசையிலேயே போய்விட்டார். வயது நாற்பத்தாறு. பேப்பரில் வந்த விளம்பரமெல்லாம் முப்பத்தைந்துக்குள் என்றன. வீட்டில் சும்மா இருக்க முடியாமல், பங்குக் கோயில் கக்கூஸின் வடிகாலை மூன்று தடவை வரைந்து கொடுத்தார். சாமியார் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மனைவி பிரிஜட் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் டைப்பிஸ்ட். காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது எட்மண்டும் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போவார். பிரிஜட் பஸ் ஏறியதும் திரும்பி வருவார். அக்கம்பக்கத்தாருக்காகத்தான் அந்தச் சட்டை.

அப்போது தலைவர் ஒரு நல்ல காரியம் செய்தார். ஜூரோங்கில் ஒரு பம்பு கம்பெனியில் அவருக்குத் தெரிந்த மேனேஜர் இருந்தார். டிராஃப்ட்ஸ்மேன் வேண்டும், வயது பார்க்க மாட்டோம் என்று அந்த மேனேஜரைச் சொல்ல வைத்தார். ஒரே ஒரு சனிக்கிழமை காலை, கம்பெனியிலேயே நேர்காணல். அந்தக் காலத்தில் வயது பார்க்காத கம்பெனி வேறு ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. எட்மண்டுக்குக் கதவு என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

நேர்காணலையும் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்கள். யாக்கூப் நாளும் நேரமும் இடமும் அடித்தார்.

“தலைமை?” என்றார் தலைவர்.

“இது இன்டர்வியூதானே சார்?”

“தொடக்கி வைக்க நான் போறேனே. கபீர் வர்றார். மேனேஜருக்குப் பொன்னாடை போடறோம். அந்தப் பேரெல்லாம் போட வேணாமா?”

போட்டார்கள். பிரிஜட் மதிய இடைவேளையில் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து சங்கத்து நம்பருக்குப் போட்டார். திரையில் வந்ததைப் பிரிண்ட் எடுத்தார். அந்த மெஷின் திரையில் தெரிகிறதை மட்டும்தான் அச்சடிக்கும். இடம் அடுத்த பக்கத்தில் என்ற கடைசி வரி மடிப்பில் மங்கிப் போயிருந்தது. சாயங்காலம் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் அதை உட்கார்ந்து படித்தார்கள். தேதி இருந்தது, நேரம் இருந்தது, பெரிய மனுஷர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். எங்கே என்று இல்லை. இல்லாததை அவர்கள் கவனிக்கவுமில்லை. சங்கத்து விஷயம் என்றால் டன்லப் ஸ்திரீட்தானே?

சனிக்கிழமை காலை எட்மண்ட் வெள்ளைச் சட்டை போட்டு, வரைபடங்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சங்கத்துப் படிக்கட்டில் வந்து நின்றார். மேலே பூட்டியிருந்தது. சீக்கிரம் வந்துவிட்டோம் என்று நினைத்தார். நம் ஆட்கள் எப்போது நேரத்துக்கு வந்திருக்கிறார்கள்? மில்லில் மிளகாய் அரைக்கத் தொடங்கினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் நின்றார். பிறகுதான் பயம் வந்து, மூலைக் கடையில் காசு போட்டு யாக்கூப்பின் ஆபீசுக்குப் போன் செய்தார்.

“யாக்கூப், இங்க ஒருத்தரையும் காணோம் லா.”

“எங்கண்ணே இருக்கீங்க?”

“சங்கத்துலதான்.”

யாக்கூப், “அண்ணே, ஜூரோங். டாக்சி புடிங்க, உடனே டாக்சி புடிங்க,” என்றார்.

எட்மண்ட் போய்ச் சேர்ந்தபோது மேசையை மடக்கிவிட்டார்கள். ஆள் எடுத்தாகிவிட்டது. மேனேஜர் மரியாதையாகத்தான் சொன்னாராம், கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று. பொன்னாடை போர்த்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் எட்மண்டைப் பார்த்தார். விஷயம் தெரியாமல், “வாங்க எட்மண்ட், நீங்களும் வந்து நில்லுங்க!” என்று இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினார். எட்மண்ட் நின்றார். அந்தப் போட்டோ சங்கத்துச் சுவரில் ரொம்ப நாள் தொங்கியது. கக்கத்தில் சுருளோடு ஓரத்தில் நிற்பவர் அவர்தான். அதைப் பார்க்கிற போதெல்லாம் எனக்கு யாரையாவது அறைய வேண்டும் போல இருக்கும். யாரை என்றுதான் தெரியாது.

அடுத்த செயற்குழுவில் யாக்கூப் எழுந்து நின்றார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எதிர்த்துப் பேசினார்.

“சார், பேரையெல்லாம் எடுத்துடுவோம். ஒரு வரி போதும். ஒரு மனுஷனோட பொழப்பு போயிருச்சு.”

தலைவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. மில் அன்று மூடியிருந்தது.

“தப்புதான் யாக்கூப். எட்மண்டுக்கு நாம மரியாதை செஞ்சாகணும்,” என்றார். ஆட்குறைப்பைப் பற்றி அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கு இருந்தது. அதில் எட்மண்டை முன்னிலைக்குப் போடுவதென்று தீர்மானம் ஆயிற்று. ஏகமனதாக.

“சார், அதுக்கும் ஒரு வரி வேணும். இடம் மறுபடி...”

தலைவர் யோசித்தார். “சரி. எட்மண்டே வந்து என் பேரு வேணாம்னு சொல்லட்டும். அவரே வேணாம்னுட்டா அப்புறம் நாங்க எந்த மூஞ்சியோட கேக்கறது? எல்லார் பேரையும் எடுத்துடலாம்.”

கபீர்கூட அதற்குத் தலையாட்டினார். யாக்கூப் அன்று என்னோடு பஸ் ஸ்டாப் வரை நடந்து வந்தார். “எட்மண்ட் அண்ணன் சொல்லிடுவார்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைவிட நியாயம் தெரிந்தவர் யார் என்று எனக்கும் தோன்றியது. ஒருத்தர் வேண்டாம் என்று சொன்னால் போதும், இனி எந்த மனுஷனும் தப்பான படிக்கட்டில் போய் நிற்க மாட்டான்.

எட்மண்டுக்கு அதற்குள் ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்சில் ஜாகா வேலை கிடைத்திருந்தது. காவல்காரர் உடுப்பு அவருக்கு ஒரு அளவு பெரிது. யாக்கூப் புதிய பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மத்தியானம் அங்கே போனார். நானும் கூடப் போனேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் எட்மண்ட் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

யாக்கூப் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். பெயர்கள் எப்படி வந்தன, இடம் எப்படிப் போனது, தலைவர் என்ன சொன்னார் என்று. “நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் அண்ணே.”

எட்மண்ட் காகிதத்தை வாங்கினார். வரி வரியாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். தன் பெயரில் விரல் நின்றது. ‘முன்னிலை: திரு எட்மண்ட், மூத்த டிராஃப்ட்ஸ்மேன்.’ ரொம்ப நேரம் அதையே பார்த்தார். உடுப்பின் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

“மூத்தன்னு போட்டிருக்காங்க,” என்றார்.

“ஆமாண்ணே.”

“யாக்கூப், இது இருக்கட்டும் லா. பிரிஜட் ஆபீஸ்ல எல்லாரும் பாப்பாங்க. நான் டிராஃப்ட்ஸ்மேன்னு அங்க யாரும் இப்ப நம்பறதில்ல.”

யாக்கூப் துணிக்கடையில் கேட்ட விலைக்குத் தலையாட்டிய அதே ஆட்டம்தான் ஆட்டினார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எட்மண்ட் காகிதத்தை நாலாக மடிக்கப் போனவர், மறுபடி பிரித்தார்.

“ஆமா, இது எங்க நடக்குது?”

“அடுத்த பக்கத்துல இருக்குண்ணே,” என்றார் யாக்கூப்.

எட்மண்ட் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.